காப்பூர்தி இறங்கியல்

பாயிரம்

மாணாக்க, அமர்க. இந்நூல் ஆளேற்றிச் செல்லும் காப்பூர்தியைப் பற்றியது. செய்தித்தாள் எழுதுவோர் இதனைக் கவச வாகனம் என்பர். அது நமக்கு வேண்டா. படைஞரைத் தடித்த சுவருக்குள் அமர்த்திப் போர்க்களத்தின் ஓரம்வரை கொண்டுசென்று இறக்கிவிடுவது யாது, அது காப்பூர்தி. இவ்வரையறையில் உறுப்புகள் நான்கு: படைஞர், சுவர், செல்லல், இறக்கல். முதல் மூன்றையும் பிறர் எழுதித் தீர்த்துவிட்டனர். சுவர் எத்தனை விரற்கிடை, பொறி எத்தனை குதிரைத்திறன் என்று அவர்கள் அடுக்கிய ஏடுகளைப் பரண் கொள்ளாது. நான்காவதாகிய இறக்கலைத் தனித்தெடுத்து ஆராய்ந்தார் இலர். அக்குறை தீர யாம் வகுத்த துறையே இறங்கியல். ஊர்தியிலிருந்து இறங்குபவனை இறங்குநன் என்றும், இறங்கும் வழியை வாயில் என்றும், இறங்கும்போது அவன் உடம்புக்கு வருவதை நேர்வு என்றும் இனிக் குறிப்போம்.

கடா: சுடுகலனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் படையூர்தியை ஆராய்வது எங்ஙனம்?

விடை: இந்நூல் இயற்றப்பட்ட இடம் வேடந்தாங்கல். இவ்வூர் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டு மகிழ்ந்த வெள்ளைப் படைஞர்மேல் ஊரார் முறையிட, செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசு 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கே எழுதிக் கொடுத்தார். அன்றுதொட்டு ஏரிக்கரையில் வேட்டொலி ஆகாது. ஐப்பசித் திருநாளுக்கும் நம் சிறுவர் வெடி கொளுத்துவதில்லை. ஊருக்குள் இடமில்லாத சுடுகலனுக்கு நூலுக்குள் இடம் தருவது எப்படி? ஆதலின் உலகத்துக் காப்பூர்திகளின் சுடுகலன் யாவும் படாளம் கூட்டுச்சாலையிலேயே நிறுத்தப்பட்டன எனக் கொண்டு, எஞ்சியவற்றை மட்டும் ஈண்டு ஆராய்கிறோம்.

கடா: பறவை பார்க்கும் ஊருக்குப் படையூர்தியைப் பேச என்ன உரிமை?

விடை: உரிமை செங்கற்பட்டினுடையது. இந்தியக் காலாட்படையைக் காலிலிருந்து ஊர்திக்கு மாற்றியவர்களுள் தலையாயவர் படைத்தலைவர் சுந்தர்ஜி. அவர் 1928இல் பிறந்தது செங்கற்பட்டில். 1979 ஏப்ரலில் பொறிசார் காலாட்படை தனிப்படையாக எழுப்பப்பட்டதில் அவர் கை பெரிது. பின்பு 1986 முதல் 1988 வரை தரைப்படை முழுமைக்கும் அவரே தலைவர். அப்பொறிசார் படையின் முதலாம் அணி யாதெனின், 1776இல் எழுப்பப்பட்டு, சென்னைப் படையின் முதலாம் அணியாக விளங்கிய அணியே. இருநூறு ஆண்டு நடந்து பழகியவர்களை ஊர்தியில் ஏற்றினால் எழும் முதல் ஐயம், இறங்குவது எப்படி என்பதுதான். அவ்வையத்தைத் தோற்றுவித்தவர் நம் ஊர்க்காரர் ஆகையால், தீர்ப்பதும் நம் கடன்.

இனி விலக்கு. தகரி காப்பூர்தி ஆகாது. ஆவடிக் கனவூர்தித் தொழிற்சாலை 1961இல் தொடங்கியதும், அங்கிருந்து விசயந்தா என்னும் தகரி வெளிவந்ததும் நாடறிந்தவை. அதிலும் ஆள் உளர், அவர்களும் இறங்குவர். ஆயின் தகரியிலிருந்து இறங்குவது பணி முடிந்த பின்பு. காப்பூர்தியிலிருந்து இறங்குவதே பணி. ஆவடியைச் சுற்றி வாழ்வோர் இரண்டையும் ஒருங்கே டேங்கு என்பர். மாணாக்கன் அவர்களோடு வழக்காடிப் பொழுதைப் போக்கலாகாது.

மாமல்லபுரத்துக் கற்றேர் ஐந்தும் காப்பூர்தியே என்று நம் மாணாக்கர் சிலர் எழுதிக் கொடுத்துள்ளனர். சுவர்த் தடிப்பில் பல்லவர் ஆக்கத்தை வெல்லும் ஊர்தி இன்றுவரை இல்லை என்பது மெய். ஆயினும் அவை ஊர்வதில்லை. ஊராத ஒன்றிலிருந்து வருவது வெளிவருதல் எனப்படும், இறங்குதல் எனப்படாது. திருவிடந்தைக் கோயிலில் தேவியை ஏந்தி நிற்கும் கேழலோ, ஏற்றிய நிலையிலேயே எழுந்தருளியிருக்கிறது. இறக்கிய நிலை அங்கு இல்லை. அதனை இந்நூல் வணங்கி விலக்குகிறது.

வாயிலியல்

வாயில் இடம்பற்றி நான்கு வகைப்படும்: வாயிலிலி, பக்கவாயில், மேல்வாயில், பின்வாயில். முன்வாயில் உண்டோ எனின், இல்லை. பகைவனை நோக்கிக் கதவு திறப்பது விருந்தோம்பலின்பாற் படும்.

இந்நான்கையும் ஆளும் நெறி ஒன்று உண்டு. பொறி நின்ற புறத்தில் வாயில் நில்லாது. இதனை மாணாக்கன் நெஞ்சில் எழுதிக்கொள்க. ஓர் ஊர்தியின் பொறி முன்னே இருப்பின் அதன் பின்புறம் ஒழிந்து கிடக்கும். அங்கே அகன்ற கதவு வைக்கலாம். பொறி பின்னே இருப்பின் படைஞன் பக்கத்தாலோ கூரையாலோ வழி தேட வேண்டும். காப்பூர்தியின் வரலாறு என்று பிறர் விரித்தெழுதுவதில் பெரும்பகுதி, பின்னிருந்த பொறி முன்னுக்கு வந்த வரலாறே.

முதலாவது வாயிலிலி. வாயிலே இல்லாதது. 1944 ஆகஸ்டில் நார்மண்டிக் களத்தில் கனடாப் படைத்தலைவர் கை சைமண்ட்சு, பிரீசுட்டு என்னும் ஊர்திகளின் பெருஞ்சுடுகலனைக் கழற்றச் செய்து, ஒழிந்த இடத்தில் காலாட்படையை ஏற்றினார். அவ்வூர்திகள் கங்காரு எனப் பெயர் பெற்றன. சுடுகலனை நீக்கினால் ஆளுக்கு இடம் பிறக்கும் என்னும் வேடந்தாங்கல் நெறிக்கு இது நல்ல முன்சான்று. ஏறவும் இறங்கவும் அதில் வழி ஒன்றே: விளிம்பைத் தாண்டல்.

உருசியரின் பி.டி.ஆர்.-50 என்பதும் தொடக்கத்தில் இவ்வகையினதே. 1950களின் நடுவில் வந்தது. இருபது பேரைச் சுமக்கும். இருபதின்மரும் சுவர் தாண்டியே இறங்கினர். ஒருவர் பின் ஒருவராகத் தாண்டுதல் நிரல்குதி. எவர் எப்பக்கம் என்றில்லாமல் தாண்டுதல் திரள்குதி. முன்னது பயிற்சித் திடலுக்கும் பின்னது களத்துக்கும் உரியது.

கடலுக்கு அப்பால் ஈழத்தார் பவள் என்று சொன்ன தென்னாப்பிரிக்க ஊர்தியும், பக்கச் சுவரைச் சாய்த்துவிட்டு இறங்கும் முறையால் இவ்வகையின் கிளையே. அதன் இலக்கணத்தை அங்குள்ளோர் எம்மினும் நன்கறிவர். யாம் அதனை எண்ணில் சேர்த்துக் கடந்து செல்கிறோம்.

இரண்டாவது பக்கவாயில். எண்ணில் இரண்டாவதாயினும் பிறப்பில் இதுவே மூத்தது. 1918இல் பிரித்தானியர் கட்டத் தொடங்கிய மார்க்-9 என்பது ஆளேற்றுவதற்கென்றே பிறந்த முதல் காப்பூர்தி. முப்பது பேர் அமரலாம். பக்கத்துக்கு இரண்டாக நான்கு நீள்வட்ட வாயில். பொறியும் ஆளும் ஒரே அறையில் இருந்தமையால் வெப்பமும் புகையும் அனைவர்க்கும் பொது. கட்டியவை 34. ஆயின் படைஞரை ஏற்றிக்கொண்டு களம் செல்லுமுன் போர் முடிந்துவிட்டது. ஆகவே உலகின் முதல் காப்பூர்திக்கு வாயில் நான்கு. களத்தில் இறங்குநன் ஒருவனும் இல்லை. இறங்கியலார் இதனைத் தம் துறையின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டுவதா, வறுமைக்குச் சான்றாகக் காட்டுவதா என்பதில் எமக்கு ஐயம் இல்லை: தொன்மைக்கே.

செக்கோசுலோவாக்கியரும் போலந்தினரும் கட்டிய டோபாசு, மேற்சொன்ன பி.டி.ஆர்.-50இன் வழித்தோன்றல். தந்தைக்கு இல்லாத பக்கக் கதவு மகனுக்கு வாய்த்தது. இந்தியப் படை 1971 போரில் இதனைக் கொண்டிருந்தது. பக்கவாயிலின் குறை வெளிப்படை: கதவு உள்ள பக்கமே பகைவன் உள்ள பக்கமாகவும் அமையக்கூடும். பக்கத்துக்கு ஒன்று வைத்தால் ஒன்றாவது உதவும்.

இதன் உட்பிரிவு இடையுருளி வாயில். உருசியரின் எட்டுருளி ஊர்தியாகிய பி.டி.ஆர்.-80இல், இரண்டாம் உருளிக்கும் மூன்றாம் உருளிக்கும் இடையே கதவு. அதன் மேற்பாதி பக்கவாட்டில் திறக்கும், கீழ்ப்பாதி கீழே விழுந்து படியாகும். ஊர்தி ஓடும்போதே இதில் இறங்கலாம் என்பர். முன்னும் உருளி, பின்னும் உருளி, நடுவே படி. இப்படியில் காலை வைக்குமுன் மாணாக்கன் எவ்வுருளி எத்திசையில் சுழல்கிறது என்று ஒருமுறை நோக்குக.

மூன்றாவது மேல்வாயில். பி.டி.ஆர்.-80க்கு மூத்ததாகிய பி.டி.ஆர்.-60, பின்புறத்தில் ஒன்றன்று, இரண்டு பொறிகளைச் சுமந்தது. நம் நெறிப்படி பின்வாயில் இரு மடங்கு அடைபட்டது. எனவே படைஞர் கூரையால் இறங்கினர். கூரையால் இறங்குதல் என்பது முதலில் ஏறுதல், பின்பு குதித்தல் என்னும் இரு செயலின் தொகை. மெய்க்காப்புக்கென அடைத்த பெட்டியின் உச்சியில் மெய் முழுவதும் காட்டி நின்ற பின்பே இறங்க வேண்டியிருப்பதால், இவ்வகையை விரித்துரைக்க எமக்கு ஊக்கம் இல்லை.

நான்காவது பின்வாயில். இதுவே இறங்கியலின் உயிர்நாடி. இங்கே நாம் சற்றுத் தங்குவோம்.

பின்வாயில் மூவகை: வீழ்பலகை, இரட்டைக்கதவு, கூரையெழு வாயில்.

வீழ்பலகைக்கு எடுத்துக்காட்டு அமெரிக்கரின் எம்-113. 1960இல் படையில் சேர்ந்தது. எஃகுக்கு மாற்றாக அலுமினியத்தால் ஆனது. எண்பதாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டது. பொறி முன்னே. பின்சுவர் முழுவதும் கீழே சாய்ந்து பலகையாக, பதினொருவர் நடந்தே இறங்குவர். நடந்திறங்கல் என்னும் இந்நேர்வு இறங்கியல் வரலாற்றில் பெரும் பாய்ச்சல். பலகை விழாமல் சிக்கிக்கொண்டால் என் செய்வது எனின், அப்பலகைக்குள்ளேயே ஒரு சிறு கதவு உண்டு. கதவே கதவைச் சுமத்தலின் இதனை வாயிலுள்வாயில் என்க. உள்வாயிலும் சிக்கினால் கூரையில் வழி உண்டு. அப்போது எம்-113 தற்காலிகமாக மூன்றாம் வகைக்கு இழிந்துவிடும்.

இரட்டைக்கதவு வகையில் செக்கோசுலோவாக்கிய, போலந்து எட்டுருளி ஊர்தியாகிய சுகாட்டு முன்னோடி. இந்தியாவும் அதனை வாங்கியது. ஆயின் இவ்வகையின் பேரரசன் பி.எம்.பி. என்னும் உருசியக் குடும்பம். 1967இல் மாசுகோச் செஞ்சதுக்கத்தில் முதன்முறை அணிவகுத்தது. இரண்டாம் பிறப்பாகிய பி.எம்.பி.-2ஐ 1987 முதல் மேதக்குத் தொழிற்சாலை கட்டி வருகிறது; அங்கு அதன் பெயர் சரத். அதற்குப் பொறி கட்டுவது நம் ஆவடிப் பொறித் தொழிற்சாலை. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் பிரித்தமைக்கப்பட்டபோது, மேதக்கும் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட காப்பூர்தி நிறுவனத்தின்கீழ் வந்தது. தெலங்கானத்தில் பிறப்பினும் சரத்துக்குத் தாய்வீடு இன்று தமிழ்நாட்டில் என்று சொல்ல இடமுண்டு.

எடை பதினான்கு டன்னுக்குச் சற்று மிகுதி. சாலையில் மணிக்கு 65 கிலோமீட்டர். இவை பிறர் நூலுக்கு உரியவை, கதவுக்கு வருவோம். பின்புறத்தில் இரண்டு கதவு. தடிப்பைக் கண்டு, சுவர் நன்கு காக்கும் என்று மாணாக்கன் மகிழ்வான். மகிழ வேண்டா. அக்கதவுகள் உள்ளீடற்றவை, உள்ளே எரிநெய் நிரப்பலாம். களத்தை நெருங்கும்போது அதனை வடித்துவிட வேண்டும் என்பது நெறி. வடித்தனரா என்று இருக்கையில் இருப்போன் அறிய வழி இல்லை. உள்ளே படைஞர் முதுகோடு முதுகு பொருந்த இரு வரிசையாக அமர்ந்து, முழங்கால் பக்கச் சுவரில் இடிக்க, ஆளுக்கொரு சிறு துளை வழியே வெளியே நோக்குவர். அம்முதுகுகளுக்கு நடுவே இருப்பது யாது? முதன்மை எரிநெய்க் கலம். எனவே எரிநெய்யில் சாய்ந்திருந்து எரிநெய்யைத் திறந்துகொண்டு இறங்கும் இம்முறைக்கு நெய்யிறக்கம் எனப் பெயர் வைத்தோம்.

கூரையெழு வாயில் அருகி வருவது. இசுரேலியர் தாம் போரில் கைப்பற்றிய உருசியத் தகரிகளைப் பிரித்து அக்சாரித்து என்னும் காப்பூர்தி செய்தனர். தகரியின் பொறி பின்னே அன்றோ இருக்கும்? நம் நெறி குறுக்கே நின்றது. அவர்கள் சிறிய பொறியை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கத்தில் ஒடுங்கிய நடைவழி ஒன்று பெற்றனர். அவ்வழியே வருவோன் தலை இடியாதிருக்க, பின்கதவு தாழும்போது கூரையின் ஒரு பகுதி மேலெழும். நெறியை மீறாமல் வளைத்த இச்செயலை யாம் பாராட்டுகிறோம்.

பின்வாயிலை நோக்குவார் அரியர் என்பதற்கு ஒரு சான்று. 2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை, கோவளத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள திருவிடந்தையில் நாட்டின் படைக்கலக் கண்காட்சி நிகழ்ந்தது. அன்று அவ்வூர் காஞ்சிபுரம் மாவட்டம். மறு ஆண்டு செங்கற்பட்டு தனி மாவட்டம் ஆனபின் நம்முடையது. ஆகவே அக்கண்காட்சியையும் நம் மாவட்டக் கணக்கிலேயே வைக்கிறோம். வந்தோர் பெரும்பாலும் சுடுகலனின் முனையருகே நின்று படம் எடுத்துக்கொண்டனர். அங்கு நின்ற இரட்டைக்கதவு ஊர்தி ஒன்றின் முன்புறம் மண் மிதிபட்டு மாவானது. பின்புறத்தில் புல் அப்படியே நின்றது. ஒரே ஒரு சிறுவன் சுற்றி வந்து, "அப்பா, இங்க வந்து பாரு, பீரோ மாதிரி ரெண்டு கதவு" என்றான். "அத விடுடா, இந்தப் பக்கம் வந்து நில்லு" என்றார் தந்தை. சிறுவன் சொல்லில் அயன்மொழி கலப்பினும் நோக்கில் குறை இல்லை. இறங்கியலுக்கு அத்தகைய மாணாக்கரே வேண்டும்.

இறங்குநிலை இயல்

வாயில் கூறினோம், இனி அதனூடு வரும் உடம்பைக் கூறுவோம்.

இறங்குநனுக்கு வரும் நேர்வுகளுள் தலையாயது முட்டு. முட்டு மூன்று: நெற்றிமுட்டு, உச்சிமுட்டு, பிடரிமுட்டு. குனியாதவனுக்கு நெற்றிமுட்டு. குனிந்து, கதவைக் கடக்குமுன் நிமிர்ந்தவனுக்கு உச்சிமுட்டு. முழுதும் கடந்தபின், விட்டதை எடுக்கத் திரும்பியவனுக்குப் பிடரிமுட்டு. தலைக்காப்பு அணிந்தோர்க்கு முட்டு இல்லை என்பார் உளர். அற்றன்று. அணிந்தோர்க்கும் முட்டு உண்டு. ஒலி மட்டும் வேறு.

அடுத்தது கால்நிலை. தாழ்ந்த தரையுடைய ஊர்தியில் கால் முந்தும். உயர்ந்த தரையுடைய ஊர்தியில் உள்ளம் முந்தும், கால் தயங்கும். நிலக்கண்ணிக்கு அஞ்சி அடிப்பகுதியைக் கூர்த்து, தரையை உயர்த்திக் கட்டியவை உள. தென்னாப்பிரிக்கரின் காசுபிர் அத்தகையது. இந்தியா அதனை வாங்கி, அதன் வழியே ஆதித்தியா என்னும் ஊர்தியை மேதக்கில் கட்டியது. அடியில் வெடிப்பது கூரிய அடிப்பகுதியில் பட்டு இரு பக்கமும் சிதறும், உள்ளிருப்போன் பிழைப்பான். பிழைத்தவன் அவ்வுயரத்திலிருந்து இறங்கும்போது கணுக்கால் பிசகினால் அது இறங்கியலின் பொறுப்பு. ஊர்தியைக் கட்டியோரின் பொறுப்பு அன்று.

இதற்குப் பயிற்சி வேண்டும். காப்பூர்தி கிடைக்காத மாணாக்கர்க்கு நம் பகுதியிலேயே கருவிகள் உள. மேல்வாயிலுக்கு வைக்கோல் ஏற்றிய வண்டி. பின்வாயிலுக்குச் சிறு சுமையுந்து. மக்கள் அதற்குக் குட்டி யானை எனத் தாமே நல்ல தமிழில் பெயர் வைத்திருப்பது பாராட்டத் தக்கது. அதன் பின்பலகையைத் தாழ்த்தி, கட்டட வேலைக்குச் செல்வோர் எண்மர் நிரலாக இறங்குவதைக் காலையில் படாளத்தில் காணலாம். கடப்பாரையும் சாந்துச் சட்டியும் ஏந்தியும் அவர்கள் முட்டுவதில்லை. பக்கவாயிலுக்குச் செங்கற்பட்டுப் புதிய பேருந்து நிலையத்து ஷேர் ஆட்டோ. கடைசி இருக்கையில் இருப்பவர் இறங்க, முன்னிருப்போர் மூவர் இறங்கி ஏற வேண்டும். பையோடு ஒரு பாட்டி அங்கு இருந்தால் மாணாக்கன் அவர் செயலை உற்று நோக்குக. முதலில் பை, அடுத்து கைப்பிடி, பின்பு வலக்கால், கடைசியில் காசு. அவ்வொழுங்கில் திருத்த ஒன்றும் இல்லை. "தம்பி, கொஞ்சம் தள்ளிக்கப்பா" என்பது அவர்தம் கட்டளைச் சொல். அதனைப் படைகள் இன்னும் கைக்கொள்ளவில்லை.

இறங்குநிலையில் தீராத சிக்கல் ஒன்று உண்டு. அதனை ஏழாமவன் சிக்கல் என்போம். பி.எம்.பி.-2 ஏற்றும் படைஞர் எழுவர். பின்னறையில் அமர்வோர் அறுவர். ஏழாமவன் எங்கே? முன்னே, ஓட்டுநனுக்குப் பின்னால், தனியே. முதற்பிறப்பில் அவ்விடம் ஊர்தித் தலைவனுக்கு உரியதாய் இருந்தது. இரண்டாம் பிறப்பில் தலைவன் சுழல்கூண்டுக்கு ஏறிவிட, ஒழிந்த இடத்தில் ஒரு படைஞன் அமர்த்தப்பட்டான். பின்வாயில் அவனுக்கு எட்டாது. கூரை மூடியே அவன் வழி. அறுவரும் பின்வாயிலாரும் அவன் ஒருவன் மேல்வாயிலானுமாகிய ஓர் ஊர்தியை எவ்வகையில் சேர்ப்பது? பெரும்பான்மை பற்றிப் பின்வாயில் என்போம் எனின் ஏழாமவனுக்கு முறைகேடு. கலப்புவாயில் எனப் புதுவகை காண்போம் எனின் நான்கு என்ற எண் கெடும். பல நாள் ஆராய்ந்து, ஊர்தியைப் பின்வாயிலிலும் ஏழாமவனை மட்டும் மேல்வாயிலிலும் வைத்தோம். அவன் ஒரே ஊர்தியில் இருந்துகொண்டு வேறு இயலில் இறங்குகிறான்.

இனி நீரில் இறங்கல். பி.எம்.பி. நீந்தும். முன்னே அலை தடுக்கும் பலகையை நிமிர்த்தி, கசியும் நீரை இறைக்கும் பொறியை முடுக்கி, பட்டைகளே துடுப்பாக மணிக்கு ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் செல்லும். நீரில் பின்வாயில் திறத்தல் விலக்கு. திறந்தால் இறங்குநன் இறங்குமுன் ஊர்தி இறங்கிவிடும். ஆகவே நீர்நடுவில் இறங்க நேரின் அறுவரும் ஏழாமவனின் இயலுக்கு மாறுவர். ஏழாமவன் மகிழ்வுறும் ஒரே இடம் இது.

இதனை வேடந்தாங்கல் ஏரியில் செய்துகாட்டலாகாதா என மாணாக்கர் வினவினர். ஏரி ஏறத்தாழ முப்பது ஹெக்டேர். குறுக்கே செல்ல மிகுந்த பொழுது வேண்டா. ஆயின் கார்த்திகை தொடங்கிப் பங்குனிவரை நீர்க்கடம்பின்மேல் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அப்போது எவ்வூர்தியும் புகலாகாது. அவை பறந்து சென்றபின் புகலாம் எனின், கோடையில் நீர் இராது. பறவை இல்லாப் பொழுதில் நீர் இல்லை. நீர் உள்ள பொழுதில் பறவை உண்டு. எனவே இப்பிரிவுக்குச் செய்முறை விளக்கம் இல்லை. நூலறிவே போதும்.

ஒழிபியல்

மேற்கூறிய எவ்வியலிலும் அடங்காதவை இரண்டு எஞ்சின.

முதலாவது கூரையமர்வோர். வியட்நாமில் அமெரிக்கரும் ஆப்கானித்தானத்தில் உருசியரும், காப்பூர்திக்குள் அமராமல் அதன் கூரைமேல் அமர்ந்து சென்றது ஒளிப்படங்களில் நிறையக் காணப்படும். நிலக்கண்ணி வெடித்தால் உள்ளிருப்பதினும் மேலிருப்பது நன்று என்பது அவர்கள் கணக்கு. காப்புக்கென வந்த ஊர்தியின் காப்பைக் காலடியில் வைத்துக்கொண்ட இவர்கள் இறங்குநரா? கூரையிலிருந்து நிலத்துக்கு வருவதால் இறங்குநரே. ஆயின் வாயிலைத் தொடாமையின் வாயிலியலுக்குப் புறம்பு. இவர்களைப் புறத்திறங்குநர் என்க. இவர்க்கு முட்டு மூன்றும் இல்லை, நிழலும் இல்லை.

இரண்டாவது கடினமானது. ஆவடியில் உள்ள போரூர்தி ஆய்வு நிறுவனம் 2017இல் முந்த்ரா என்னும் ஊர்தியை வெளிக்காட்டியது. பட்டையூர்தி, தொலைவிலிருந்து இயக்கப்படுவது, உள்ளே ஆளில்லை. வேவு பார்ப்பது ஒன்று, கண்ணி தேடுவது ஒன்று, அணுக்கதிரும் நஞ்சும் பரவிய நிலத்தை அறிவது ஒன்று என மூன்று வடிவம்.

கடா: இறங்குநனே இல்லாத ஊர்தி இறங்கியலுள் அடங்குமோ?

விடை: அடங்கும். மார்க்-9க்கும் களத்தில் இறங்குநன் இருந்திலன். அதனை ஏற்றுக்கொண்ட யாம் இதனை விலக்கல் முறையன்று. இதற்கு வெற்றிறங்கி எனப் பெயரிடுக.

கடா: வெற்றிறங்கிக்கு முட்டு உண்டோ?

விடை: பழுது பார்க்க ஒருவன் உள்ளே புகுவான், புகுந்தவன் இறங்குவான். அவன் படைஞன் அல்லன், தொழிலாளன். தலைக்காப்பு இராது, கையில் திருகுகுறடு இருக்கும். இருகையும் ஒழியாத நிலையில் அவனுக்கு நெற்றிமுட்டும் உச்சிமுட்டும் ஒரே நொடியில் நேரக்கூடும். அதனை இணைமுட்டு எனக் குறித்துக்கொள்க. அதன் விரிவைப் பழுதிறங்கியல் என்னும் தனிநூலில் கூறுவோம். அந்நூலுக்கு முன்பு ஏறியல் முடிய வேண்டும். அதில் இப்போதைக்குப் படிக்கட்டு மட்டுமே எழுதப்பட்டுள்ளது.